நாய்க்குட்டிக்குப் பூச்சி மருந்து: குழந்தை உள்ள வீட்டுக்கு எந்தப் புட்டி, எந்த அட்டை?

வேலூரில் பெட் ஷாப்பிலோ மாட்டு மருந்துக் கடையிலோ போய் "நாய்க்குப் பூச்சி மருந்து குடுங்க" என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று கைக்கு வரும். ஒன்று, பைரன்டல் சேர்ந்த சிரப். இன்னொன்று, மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை அட்டை. மாத்திரைக்கு விலை கூட, பெயரும் கூட. அதனால் அதுதான் உயர்ந்தது, சிரப் சும்மா தொடக்கத்துக்கு என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. வீட்டில் தவழும் குழந்தையோ பள்ளி போகாத குழந்தையோ இருந்தால் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். குழந்தையை அதிகம் காப்பாற்றுவது குட்டி பிறந்த 14-ஆம் நாளில் தொடங்கும் அந்தச் சிரப்தான். மாத்திரை நல்ல மருந்து, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் முறை வருவதற்குள் முற்றத்து மண்ணில் புழு முட்டை விழுந்து முடிந்திருக்கும்; அந்த மண் குழந்தையின் வாய்க்குப் போவதுதான் ஆபத்து.

காரணம் உருளைப்புழுவின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. நாயின் உருளைப்புழுவுக்கு டாக்ஸோகாரா கேனிஸ் என்று பெயர். தாய் நாயின் தசையில் தூங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள், அது சினையாக இருக்கும்போது கிளம்பி, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடும். குட்டி பிறக்கும்போதே புழுவோடுதான் பிறக்கிறது. மிச்சம் தாய்ப்பாலிலும் வரும். மூன்று வாரத்தில் அந்தப் புழுக்கள் குட்டியின் குடலில் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு இடும் முட்டை லட்சத்தைத் தொடும். நம் ஊரில் "முதல் தடுப்பூசி போடும்போது பூச்சி மருந்தும் கேட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடுவது வழக்கம். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில்தான். அதற்குள் மூன்று வாரத்துக்கு மேல் முட்டை வெளியேறியிருக்கும்.

சிரப்: எதைப் பார்த்து வாங்குவது

குட்டிகளுக்கென்றே வரும் சிரப்பில் பைரன்டல் எம்போனேட் (பாமோயேட் என்றும் எழுதுவார்கள்) மில்லிக்கு 14.4 மி.கி., ஃபெபான்டல் 15 மி.கி. என்று இருக்கும். கணக்கு சுலபம்: ஒரு கிலோ எடைக்கு ஒரு மி.லி. 800 கிராம் குட்டிக்கு 0.8 மி.லி. இதுதான் இந்த வகைச் சிரப்பின் பெரிய பலம். இரண்டு வாரக் குட்டிக்கும் சிரிஞ்சில் அளந்து கொடுக்கும்படியான அளவு வருகிறது. குட்டிகள் பெரும்பாலும் துப்புவதில்லை, வயிற்றைக் கலக்குவதும் குறைவு.

குட்டிச் சிரப் கிடைக்காதபோது மனிதக் குழந்தைகளுக்கான பைரன்டல் சிரப்பை எழுதிக் கொடுக்கும் கால்நடை மருத்துவர்கள் உண்டு. மருந்து ஒன்றுதான், தவறும் இல்லை. தப்பு நடப்பது அளவில். மனிதச் சிரப்பில் 5 மி.லி.க்கு பைரன்டல் 250 மி.கி. இருக்கிறது, அதாவது மில்லிக்கு 50. குட்டிச் சிரப்பில் மில்லிக்கு 14.4 என்று போட்டிருப்பது எம்போனேட் என்ற வேதி உப்போடு சேர்ந்த எடை. உப்பைக் கழித்தால் மருந்து மட்டும் 5 மி.கி.தான். ஆக மனிதச் சிரப் பத்து மடங்கு அடர்த்தி. "கிலோவுக்கு ஒரு மில்லி" என்று ஒரு சிரப்புக்குக் கேட்ட கணக்கை மற்றதில் போட்டால் குட்டிக்குப் பத்து மடங்கு மருந்து போகும். பைரன்டல் பெரிய ஆபத்தில்லாத மருந்து என்பதால் வாந்தி, பேதியோடு தப்பிக்கலாம். ஆனால் இரண்டு வாரக் குட்டிக்குப் பேதியே உயிருக்கு உலை வைக்கும். கிலோவுக்கு 5 மி.கி. என்ற அடிப்படை அளவில் ஒரு கிலோ குட்டிக்கு மனிதச் சிரப் 0.1 மி.லி. மட்டுமே. அவ்வளவு சின்ன அளவை மூடியிலோ ஸ்பூனிலோ அளக்க முடியாது. ஊசியை எடுத்துவிட்ட ஒரு மி.லி. இன்சுலின் சிரிஞ்ச் வேண்டும். சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் 0.1 மி.லி. என்பது 4 யூனிட். 100 யூனிட் சிரிஞ்சில் அதுவே 10 யூனிட். எந்தச் சிரிஞ்ச் என்று பார்க்காமல் கோட்டை மட்டும் எண்ணினால் அங்கேயும் தவறும். மருத்துவர் எழுதிய அளவு மில்லியிலா, கோட்டிலா என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

சிரப் கொடுக்கும்போது பலர் விடும் ஒரு விஷயம் குலுக்குவது. இது தண்ணீரில் கரைந்த மருந்து இல்லை. தூள் மிதக்கும் கலவை. நிற்க வைத்த புட்டியில் மருந்து அடியில் தங்கிவிடும். ஆறு குட்டி போட்ட தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து புட்டியை ஒரு தரம் மட்டும் குலுக்கிவிட்டு வரிசையாகக் கொடுத்தால், முதல் குட்டிக்குப் போன அதே அளவு மருந்து கடைசிக் குட்டிக்குப் போகாது. ஒவ்வொரு குட்டிக்கும் முன்பு குலுக்க வேண்டும். சிரிஞ்சை வாயின் முன்பக்கமாக நீட்டாமல் கன்னத்து ஓரம், பல் வரிசைக்கும் கன்னத்துக்கும் நடுவே வைத்து, தலையை லேசாக மட்டும் நிமிர்த்தி, நக்கி விழுங்க நேரம் கொடுத்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அண்ணாந்து பிடித்து ஒரே அழுத்தாக அழுத்தினால் மருந்து மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவாகும்.

எடை போடாமல் எதுவும் வேண்டாம். கண் மதிப்பில் குட்டி எப்போதும் கொழுத்துத்தான் தெரியும், வயிற்றில் புழு இருப்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, கிண்ண எடையைக் கழித்தால் போதும்.

நாட்கணக்கு இப்படிப் போகும்: 2 வாரம், 4 வாரம், 6 வாரம், 8 வாரம்; பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. இடையில் ஒன்றை விட்டால் விட்டதுதானே என்று தோன்றும். ஆனால் இந்த மருந்துகள் அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுவை மட்டுமே வெளியேற்றும். ஈரல், நுரையீரல் வழியாகப் பயணத்தில் இருக்கும் இளம்புழுவைத் தொடாது. அது அடுத்த சில நாளில் குடலுக்கு வந்து சேரும். இரண்டு வார இடைவெளி வைத்திருப்பது அந்த இரண்டாம் கூட்டத்தைப் பிடிக்கத்தான். தாய் நாய்க்கும் அதே நாட்களில் மருந்து கொடுக்க வேண்டும். குட்டிகளின் மலத்தை நக்கித் துடைத்துத் தாயும் புழுவை வாங்கிக்கொள்கிறது, அதன் மலத்திலும் முட்டை வரும். குட்டிக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் தாயை விடுவதுதான் இங்கே அதிகம் நடப்பது.

எட்டு வாரக் குட்டியை வாங்கி வருபவர்கள் ஒன்று கேட்க வேண்டும்: எந்தத் தேதியில், எந்த மருந்து, எத்தனை மி.லி.? "எல்லாம் போட்டாச்சு சார்" என்பது பதில் ஆகாது. தேதி எழுதிய அட்டை இல்லையென்றால் எதுவும் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த அன்றே எடை போட்டு ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து மறுமுறை கொடுப்பதே பாதுகாப்பு. வயிறு பானையாகப் பருத்து, உடம்பு எலும்பாக இருக்கும் குட்டி என்றால் மட்டும் வீட்டில் கொடுக்காமல் மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். செத்த புழுக்கள் ஒரே நேரத்தில் சுருண்டு குடலை அடைத்துவிடும் ஆபத்து அந்த மாதிரிக் குட்டிகளுக்கு உண்டு. ஈறு வெளுத்து, மலம் கறுப்பாக இருந்தால் அது கொக்கிப்புழு ரத்தம் குடித்த அடையாளம். அதுவும் வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல.

சிரப்பின் குறை என்ன என்றால், நாடாப்புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது. பைரன்டலும் ஃபெபான்டலும் சேர்ந்த சிரப்பில் நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டல் இல்லை. முதல் இரண்டு மாதத்துக்கு இது பெரிய குறையாகாது. தெள்ளுப்பூச்சி வழியாக நாடாப்புழு வரும் என்பதால், அது மொய்க்கும் குட்டி என்றால் குறைதான்.

மாத்திரை: பலமும் எல்லையும்

ட்ரான்டல் பிளஸ் இந்த வகையில் பலரும் கேட்டு வாங்கும் பெயர். அட்டையில் முன்பு பேயர் என்று இருந்தது. 2020-இல் அந்தக் கம்பெனியின் கால்நடைப் பிரிவை எலான்கோ வாங்கியதால் பெயர் மாறியது. போலி என்று பயப்பட வேண்டாம். ஒரு மாத்திரையில் பிராசிகுவான்டல் 50 மி.கி., பைரன்டல் எம்போனேட் 144 மி.கி., ஃபெபான்டல் 150 மி.கி. இது 10 கிலோ நாய்க்கு ஒரு வேளை அளவு. இதே சேர்மானத்தில் வேறு கம்பெனி மாத்திரைகளும் உண்டு. மூன்று எண்ணும் பொருந்துகிறதா என்று அட்டையின் பின்பக்கம் பார்த்து வாங்கினால் பெயரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு நான்கையும் ஒரே நாளில் பிடிப்பது இதன் பலம். பட்டினி போட வேண்டியதில்லை, விளக்கெண்ணெய் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு நாள் மலம் இளகலாம், அவ்வளவுதான். சினை நாய்க்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஃபெபான்டல் சினையின் முற்பகுதியில் ஆகாது.

எடைக்கணக்கில் மேல்நோக்கிப் போவது சரி: 18 கிலோ நாட்டு நாய்க்கு இரண்டு மாத்திரை. மூன்று கிலோவுக்குக் கீழே இந்த மாத்திரை சரிவராது. பாதியை மறுபடி பாதியாக்கினால் நொறுங்கும், எந்தத் துண்டில் எவ்வளவு மருந்து என்று தெரியாது. பெரிய நாய்களுக்கான எக்ஸ்எல் மாத்திரை 35 கிலோவுக்கு உரியது. "ஒண்ணு வாங்கி நாலா உடைச்சுக்கலாம்" என்று கணக்குப் போட்டு வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. பொடி செய்து சோற்றில் கலப்பதும் உதவாது. பிராசிகுவான்டல் கடுங்கசப்பு. நுரை தள்ளித் துப்பிவிட்டு அந்தத் தட்டுப் பக்கமே நாய் வராது. முழு மாத்திரையைக் கோழித் துண்டுக்குள்ளோ உருட்டிய இட்லிக்குள்ளோ வைத்து, முதலில் வெறும் உருண்டை ஒன்று, இரண்டாவதாக மருந்து உருண்டை, உடனே மூன்றாவது வெறும் உருண்டை என்று காட்டினால் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும்.

இனி எல்லை. "மூணு மாசத்துக்கு ஒரு தரம்" என்று அட்டைகளிலும் வாய்வழியும் சொல்லப்படுவது வளர்ந்த நாய்க்கான பொதுக் கணக்கு. மருந்து உடம்பில் தங்கிக் காவல் காக்காது. மறுநாளே தெருவில் மோந்து நக்கினால் மறுபடி தொற்றும், நான்கைந்து வாரத்தில் உருளைப்புழு மறுபடி முட்டையிடும். ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்து, நாயும் அவிழ்த்துவிட்டுத் தெருவில் திரிவதாக இருந்தால் மாதம் ஒரு முறை கொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது நியாயம். அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை மலப் பரிசோதனை. அதற்கு மூன்று நாள் மலத்திலிருந்து கட்டைவிரல் நுனி அளவு எடுத்து, மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். முட்டை தினமும் ஒரே அளவில் வெளியேறாது என்பதால் ஒரு நாள் மாதிரியில் "ஒன்றும் இல்லை" என்று வந்தால் நம்ப முடியாது. மண்ணில் விழுந்ததைச் சுரண்டி எடுத்தால் மண்ணில் தானாக வாழும் நுண்புழுவெல்லாம் சேர்ந்து குழப்பும்.

நாடாப்புழுவுக்கு மாத்திரை கொடுத்து மூன்று வாரத்தில் நாயின் வால் அடியில் மறுபடி அரிசி மணி போன்ற துண்டுகள் ஒட்டியிருந்தால், மருந்து தோற்றது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். தோற்றது தெள்ளுப்பூச்சி ஒழிப்பு. டைபிலிடியம் என்ற அந்த நாடாப்புழு தெள்ளுப்பூச்சியின் உடம்பில் வளர்வது. நாய் தன்னைக் கடித்துக்கொள்ளும்போது பூச்சியை விழுங்கினால் புழு மறுபடி வரும். குழந்தைக்கும் அப்படித்தான் வருகிறது: நாயோடு கொஞ்சும்போது ஒரு தெள்ளுப்பூச்சி வாய்க்குள் போனால் போதும். எனவே பிராசிகுவான்டல் கொடுக்கும் அதே வாரத்தில் நாய் படுக்கும் கோணிப்பையை எரித்துவிட்டுப் புதுசு போடுவதோ, வெந்நீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுவதோ, தெள்ளுப்பூச்சிக்காக நாயின் தோலில் விடும் மருந்து போடுவதோ சேர்ந்து நடக்க வேண்டும். பூச்சியின் முட்டைகள் தரை இடுக்கில்தான் கிடக்கும், நாய் உடம்பில் அல்ல. துடைப்பம் போகாத கட்டில் அடி, படிக்கட்டின் கீழ்ப்பகுதி இரண்டையும் விடாதீர்கள்.

குழந்தையின் டயபரிலோ ஜட்டியிலோ அந்த அரிசி மணித் துண்டு தெரிந்தால் பெரும்பாலும் கீரிப்பூச்சி என்று நினைத்து அல்பெண்டசோல் கொடுத்துவிடுகிறார்கள். கீரிப்பூச்சி நாயிடமிருந்து வருவதில்லை. அது வெள்ளை நூல் மாதிரி மெலிந்து நெளியும். மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவும். நாடாப்புழுத் துண்டு தடித்து, காய்ந்ததும் மஞ்சளாகிவிடும். ஒரு துண்டைத் தண்ணீர் விட்ட சின்ன புட்டியில் போட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டினால் சரியான மருந்தான பிராசிகுவான்டல் முதல் நாளே கிடைக்கும். நாய்க்கு வாங்கிய மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

கிடா வெட்டும் வீடுகளுக்கு

மாத்திரையில் உள்ள பிராசிகுவான்டலுக்கு நம் பக்கத்தில் இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக் கிடா வெட்டும்போதும், ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடை வாசலிலும் நாய்க்குப் பச்சையாக ஈரல், நுரையீரல் துண்டுகளைப் போடுகிறோம். அந்த உறுப்புகளில் தண்ணீர் நிறைந்த வெள்ளைக் கட்டி இருந்தால் "இது வேண்டாம்" என்று மனிதர் ஒதுக்கியது நேரே நாய்க்குப் போகிறது. அந்த நீர்க்கட்டிக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் தலைகள். நாயின் குடலில் அது அரை சென்டிமீட்டர் அளவுதான் வளரும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாது, நாய்க்கு நோவும் இருக்காது. ஆனால் அதன் முட்டை மலத்தில் விழும்போதே தொற்றும் நிலையில் இருக்கிறது, நாயின் முடியிலும் ஒட்டும். குழந்தையின் வயிற்றுக்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாகப் பல ஆண்டு மெல்ல வளர்ந்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும்.

இந்த இடத்தில் சிரப்பால் பயனே இல்லை. பச்சை உறுப்பு தின்னும் நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை பிராசிகுவான்டல் உள்ள மாத்திரை வேண்டும், ஏனென்றால் அந்தப் புழு ஆறு வார அளவில் முட்டையிடும் வயதுக்கு வந்துவிடும். அதைவிடச் சுலபமான வழி, உறுப்புகளை நன்றாகக் கொதிக்கவைத்துப் போடுவது. பெரிய துண்டாக இருந்தால் நடுப்பகுதி வேகும் வரை, அரை மணி நேரமாவது. கட்டி இருந்த துண்டை ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், நாய் தோண்டாதபடி மேலே கல் வைத்து. நாயை வளர்ப்பவர்கள் மட்டுமல்ல, கிடா வெட்டும் பங்காளிகள் எல்லோரும் இதைச் செய்தால்தான் பலன்.

எதை வாங்கக் கூடாது

ஆட்டுக்கு வாங்கிய அல்பெண்டசோல் கரைசலை நாய்க்கும் ஊற்றுவது காட்பாடியைத் தாண்டி எந்தக் கிராமத்திலும் காணக்கூடிய வழக்கம். நாயின் எலும்பு மஜ்ஜையை அல்பெண்டசோல் பாதிக்கும். லெவமிசோல் இன்னும் மோசம், நாய்க்குப் பாதுகாப்பான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. "ஒரே ஊசியில பூச்சி, உண்ணி எல்லாம் போயிடும்" என்று போடப்படும் ஐவர்மெக்டின் நாடாப்புழுவைத் தொடாது. கோலி இன நாய்களுக்கு அதிக அளவில் உயிராபத்து. வேப்பங்கொழுந்து, பப்பாளி விதை, பாகற்காய்ச் சாறு எதுவும் குட்டியின் குடலில் உள்ள உருளைப்புழுவை நம்பும்படி வெளியேற்றாது. பூண்டு நாயின் சிவப்பணுவை உடைக்கும்.

மருந்துக்கு வெளியே மிச்சம் இருப்பது

எந்தப் புட்டியை வாங்கினாலும் மண்ணில் ஏற்கனவே விழுந்த முட்டைக்கு அது ஒன்றும் செய்யாது. இதை எந்த அட்டையும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். டாக்ஸோகாரா முட்டை விழுந்த அன்று தொற்றாது. உள்ளே இளம்புழு உருவாக இரண்டு வாரமாவது ஆகும். அப்புறம் நிழலும் ஈரமும் இருந்தால் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே அப்போதுதான் குளிப்பாட்டிய குட்டியைக் குழந்தை தூக்கிக் கொஞ்சுவதைவிட, போன மாதம் குட்டி மலம் கழித்த செம்பருத்திச் செடி அடியில் உட்கார்ந்து மண் அளைவதே கூடுதல் ஆபத்து. தினமும் மலத்தை அள்ளிவிட்டால் அந்த இரண்டு வாரத்தை நாம் கொடுப்பதே இல்லை. அள்ளியதைக் கழிவறையில் கொட்டலாம், அல்லது கட்டி மக்காத குப்பையில் போடலாம். மக்கும் குப்பைத் தொட்டி உரக்கிடங்குக்குப் போகிறது, கீரைப் பாத்தியில் விளைவது சாப்பாட்டுக்கு வருகிறது. இரண்டிலும் போடக் கூடாது.

பினாயில், பிளீச்சிங் பவுடர் இரண்டும் அந்த முட்டை ஓட்டைத் துளைப்பதில்லை. சிமெண்டுத் தரைக்குக் கொதிக்கும் தண்ணீர்தான் மருந்து. மண் தரையில் சித்திரை, வைகாசி வெயில் படும் திறந்த இடம் ஓரளவு தானாகச் சுத்தமாகும், செடி நிழலும் கிணற்றடியும் ஆகாது. வீடு கட்டும் தெருக்களில் கொட்டி வைக்கும் மணல், எம்-சாண்ட் குவியல் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல், பூனைகளுக்குக் கழிவறை. இரவில் தார்ப்பாய் போட்டு மூடி ஓரத்தில் செங்கல் வையுங்கள். பூனையின் உருளைப்புழுவும் குழந்தைக்கு அதே நோயைத் தரும்.

கொக்கிப்புழு வேறு வழியில் வருகிறது. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இளம்புழு பாதத்தின் தோல் வழியாகவே நுழையும். குழந்தையின் காலிலோ பிட்டத்திலோ சிவந்த வளைகோடு தோன்றி, நாளுக்கு நாள் நீண்டு, இரவில் அரிப்பு அதிகமாகும். ஜவ்வாது மலையில் மனிதர், நாய், மண் மூன்றிலும் கொக்கிப்புழு இனங்களை மரபணு முறையில் பிரித்துப் பார்த்த வேலூர் சி.எம்.சி. ஆய்வு 2016-இல் வெளிவந்தது. மனிதரிடம் அதிகம் இருந்தது நெகேட்டர் என்ற மனிதக் கொக்கிப்புழுதான். ஆனால் நாயின் கொக்கிப்புழுவும் சிலருடைய மலத்தில் அடையாளம் காணப்பட்டது. நாய் வேறு, நாம் வேறு என்று மண் பிரித்துப் பார்ப்பதில்லை. செருப்புப் போட்டு விளையாடச் சொல்வது இந்தப் புழுவுக்கு நல்ல தடுப்பு.

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையை விடாமல் போட வையுங்கள். அது மனிதக் குடற்புழுக்களுக்கு. டாக்ஸோகாராவுக்கு அந்த ஒரு வேளை போதாது. குழந்தையின் உடம்பில் அது குடலில் தங்கி வளராமல் ஈரல், நுரையீரல், கண் என்று இளம்புழுவாகவே அலையும். அதனால் குழந்தையின் மலத்தில் முட்டை தேடினால் கிடைக்காது. விட்டு விட்டுக் காய்ச்சல், தேறாத இருமல், இழுப்பு, ரத்தப் பரிசோதனையில் இயோசினோபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை எகிறியிருப்பது, மண் தின்னும் பழக்கம், வீட்டில் குட்டி நாய் எல்லாம் ஒன்றாக இருந்தால், நாய் இருப்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கக் காத்திருக்க வேண்டாம். ஒரு கண் மட்டும் மாறுகண்ணாவது, போட்டோவில் ஒரு கண்பாப்பா மட்டும் வெளுத்துத் தெரிவது, ஒரு கண்ணை மூடினால் குழந்தை அழுவது என்றால் அன்றே கண் மருத்துவர். வேலூர் ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. வெளுத்த கண்பாப்பாவுக்குப் புழுவைவிடக் கொடிய காரணங்களும் உண்டு என்பதால் தாமதிக்கவே கூடாது.

பூனை வளர்ப்பவர்கள்

பூனைக்குட்டிக்கு நஞ்சுக்கொடி வழியாகப் புழு வருவதில்லை, பாலில் மட்டும் வரும். அதனால் மூன்று வாரத்தில் தொடங்கினால் போதும். பூனை மாத்திரையில் பிராசிகுவான்டல் 20 மி.கி., பைரன்டல் எம்போனேட் 230 மி.கி., நான்கு கிலோவுக்கு ஒன்று. நாய் மாத்திரையைப் பிய்த்துப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். அதைவிடப் பெரிய எச்சரிக்கை: நாய்க்கு உண்ணிக்காகப் போடும் பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் பெர்மெத்ரின் உள்ளதை வாங்கவே வேண்டாம். பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்கு எந்தப் பூச்சி மருந்தும் கிடையாது. பூனையின் மலத் தட்டைத் தினமும் சுத்தம் செய்வதே வழி, ஏனென்றால் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலை வேறு யாருக்காவது.

வாங்கும்போது

இரண்டு மாதத்துக்குள் குட்டி, வீட்டில் குழந்தை: குட்டிச் சிரப் ஒரு புட்டி, 1 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, தாய்க்கு எடைக்கேற்ற மாத்திரை. இதற்கு மேல் அந்த நேரத்தில் செலவு தேவையில்லை. மூன்று கிலோவைத் தாண்டிய பிறகு மாத்திரைக்கு மாறலாம். சிரப்பின் காலாவதி தேதி புட்டியில் அச்சிட்டிருக்கிறதா, மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் சித்திரை மாதத்தில் சிரப் வாங்காதீர்கள். வாங்கியதை பைக் பெட்டியில் மதியம் முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். பிரித்துக் கொடுக்கும் இரண்டு மாத்திரை என்றால் சேர்மானமும் தேதியும் அச்சிட்ட பக்கத்தோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். கொடுத்த தேதி, எடை, அளவு மூன்றையும் குழந்தையின் தடுப்பூசி அட்டையை வைக்கும் அதே கவரில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடும்போது அந்தத் தாளும் கூடவே மருத்துவர் மேசைக்குப் போய்ச் சேரும்.